எடைமேடைக் குரல்

பகல் முழுவதும் பிறர் பொருளை எடை பார்த்துச் சொல்லும் ஒருவர், தன் வீட்டில் குறைந்துபோனதை மட்டும் ஏன் எடை பார்க்காமலே இருந்தார்? சங்ககிரிக் காளியப்பனை நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அவரிடம் கேட்டால் பதில் வராது. கேள்வியைக் காதில் வாங்கி, தலையை ஒருமுறை ஆட்டி, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அங்கே ஏதாவது ஒரு லாரி திரும்பிக்கொண்டிருக்கும்.

மலைக்கோட்டை தெரியும் தூரத்தில், பைபாஸிலிருந்து இறங்கும் மண்பாதையின் ஓரத்தில் அவருடைய எடைமேடை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கிழங்கு, நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்குப் போகும் மக்காச்சோளம், பழைய இரும்பு எல்லாம் அதன்மேல் ஏறி இறங்கித்தான் போகும். மேடையை ஒட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அறைக்குப் பின்னால் வீடு. லாரி ஏறும்போது இரும்புப் பலகையில் எழும் முனகல் வீட்டுச் சமையலறைப் பாத்திரங்கள் வரை போய் அடங்கும்.

இளமையில் காளியப்பன் லாரி ஓட்டியவர். மகாராஷ்டிரா லைனில் பல வருடம். பின் இந்த அறையில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இருந்தார். விற்பவரும் வாங்குபவரும் அவர் சொல்லும் எடையை மறுபேச்சில்லாமல் ஏற்றார்கள். அதை நேர்மை என்று உடனே பெயரிட்டுவிட முடியாது. கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ எதிலாவது கொஞ்சம் ஆசை வேண்டும். அந்த ஆசை அவரிடம் இல்லாமல் இருந்திருக்கலாம். தொழிலைப் பற்றி அவர் சொன்னதாக ஒன்றே ஒன்றைத்தான் டிரைவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். "லோடு எவ்வளவுன்னு தெரியோணும்னா, காலி வண்டி எவ்வளவுன்னு மொதல்ல தெரியோணுமுங்க."

ஆனால் டிரைவர்கள் அந்த மேடையை அடையாளம் வைத்திருந்தது அவரால் அல்ல, ஒரு குரலால்.

லாரியின் முன்சக்கரம் ஏறியதும், கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சிறுமி பேசுவாள். "வண்டிய நடுவுல நிறுத்துங்க சாமி." வண்டி நிலைத்ததும் ஒவ்வோர் எண்ணாகச் சொல்வாள். "ஒன்னு... நாலு... ரெண்டு... ஆறு... சைபர். கிலோ." கடைசியில், "எறங்கலாமுங்க. போயிட்டு வாங்க சாமி."

அது அவருடைய மகள் அபிநயா. கணினியில் எடை பார்க்கும் நிரலை எழுதித்தந்த திருச்செங்கோட்டுக்காரர், சொல்வதற்கு ஒரு குரல் வேண்டும் என்றபோது, ஆறாம் வகுப்புச் சீருடையோடு அறைக்குள் வந்து நின்றவள் அவள்தான். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வியர்க்க வியர்க்க எண்களைச் சொன்னாள். "சாமி" அவளாகச் சேர்த்துக்கொண்டது. எழுதித்தந்த தாளில் அது இல்லை.

அபிநயா வளர்ந்தாள், படித்தாள். நான்கு வருடத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு சேந்தமங்கலம் பக்கம் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்துக்குக் காளியப்பன் போகவில்லை. சண்டை போடவும் இல்லை. வீட்டில் அந்தப் பெயர் மட்டும் நின்றுபோனது. மேடையில் குரல் நிற்கவில்லை. அதை நிறுத்த ஒரு பொத்தான் போதும். அந்தப் பொத்தானை அவர் தொடவில்லை. தொடாமல் இருப்பது ஒரு முடிவா, அல்லது முடிவு எடுக்காமல் இருப்பதா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்ல முடியாது.

அவர் மனைவி மாரக்காள் மகளோடு போனில் பேசுவாள். பக்கத்து வீட்டுக்குப் போய், வெள்ளிக்கிழமைகளில். பேசக்கூடாது என்று காளியப்பன் சொன்னதில்லை. ஆனாலும் அவள் பக்கத்து வீட்டுக்குத்தான் போவாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லாரிகள் வராத ஒரு நேரம் உண்டு. தார் ரோட்டின்மேல் வெயில் தண்ணீர்போல நெளியும். மலை தரையை விட்டுக் கொஞ்சம் மேலே மிதப்பதுபோல் இருக்கும். அறையில் கயிற்றுக் கட்டிலில் காளியப்பன் கண் மூடிப் படுத்திருப்பார். வண்டிச் சத்தம் எதுவும் இருக்காது. அப்போது குரல் மட்டும் எழும்.

"வண்டிய நடுவுல நிறுத்துங்க சாமி. அஞ்சு... சைபர். கிலோ. எறங்கலாமுங்க. போயிட்டு வாங்க சாமி."

மாரக்காள் மேடை நடுவில் நின்று, கேட்டு, இறங்கி, பின்வாசலுக்கு நடந்து போவாள். அவர் தூங்குகிறார் என்று அவள் நினைத்தாள்.

*

சென்ற ஐப்பசிக்குச் சற்று முன் வந்த ஆயுத பூஜையன்று அந்தக் கணினி கெட்டுப்போனது. கெட்டதும் காளியப்பன் கையால்தான்.

இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கணினி பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி வரிசை நிற்கும்போது அதற்கு ஏது நேரம். பூஜையன்று எப்படியும் யாரும் ஏறமாட்டார்கள், செய்துகொண்டு கிடக்கட்டும் என்று காலையில் அவரே சரி என்று அமுக்கினார். மேடையைக் கழுவினார்கள். இரும்புப் பலகைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, எடைக்கருவிக்கும் கணினிப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொரி, கடலை, வாழையிலை எல்லாம் வந்தது. திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே விழுக்காடு ஏறிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

மரவள்ளி லாரி டிரைவர் தனசேகர் பொரிக்காக வந்து நின்றிருந்தான். "ஏனுங்ணா, அது இன்னும் சுத்தீட்டே இருக்குதுங்களே."

"பூசை நேரத்துல ஆயுதம் வேல செய்யக்கூடாதுடா. வருசம் பூராவும் சுத்துனது, ஒரு நாளைக்குத் தூங்கட்டும்."

"அணைக்காதேன்னு அதுவே சொல்லுதுங்ணா."

"நீயுந்தான் வண்டிய அணைக்காம நிறுத்தீட்டு டீ குடிப்பே. நாஞ் சொன்னாக் கேக்கறயா?"

காளியப்பன் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்சாரம் போனதும் கணினிக்குக் கீழே இருந்த பேட்டரிப் பெட்டி கத்தத் தொடங்கியது. சாமி கும்பிடும்போது கத்தல் ஆகாதென்று அதையும் அணைத்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். கற்பூரம் எரிந்தது. பூசணிக்காய் உடைந்தது. அன்று எல்லா ஆயுதங்களும் முறைப்படி தூங்கின.

மறுநாள் விஜயதசமி. தேங்காய் உடைத்து முதல் எடைக்குத் தனசேகரின் வண்டியையே ஏற்றினார்கள். இரும்பு முனகியது. குரல் வரவில்லை. திரை முழுக்க நீலம், நடுவில் புரியாத சில வரிகள். அணைத்துப் போட்டாலும் நீலம்தான்.

தனசேகர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான். "பாப்பா இன்னும் எந்திரிக்கலீங்களா?"

காளியப்பன் எடைக்கருவியின் சிவப்பு எண்களைப் பார்த்து, தானே வாய்விட்டு எடையைச் சொன்னார். தன் குரல் அந்த அறைக்குள் எவ்வளவு கரகரப்பாக இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

*

சங்ககிரியில் டயர் கடைக்கு மேல்மாடியில் கணினி பழுது பார்ப்பவர் அக்சிலியா. சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊர். மற்ற கடைகளில் முதல் பேச்சே, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்பதுதான். அக்சிலியாவும் துடைப்பார், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கடந்த பிறகு. பிள்ளை தேவாலயத்தில் புதுநன்மை வாங்கிய படங்கள் அதில் இருந்தன என்று துடைத்த மறுநாள் வந்து அழுதவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த வழக்கம் அது. அவசரப்படுகிறவர்களுக்குத் தற்காலிகமாக வேறு பெட்டி கொடுத்து அனுப்புவார்.

காளியப்பன் கணினியைத் துண்டில் சுற்றி, குழந்தையை இறக்குவதுபோல் மேசையில் இறக்கினார். முகப்பில் குங்குமம் காய்ந்திருந்தது.

அக்சிலியா போட்டுப் பார்த்தார். "பாதி வேலை நடந்துட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருக்குண்ணா."

"போகலீங்க அம்மிணி. நாந்தான் நிறுத்துனேன். பூசைக்கு."

அக்சிலியா சிரிக்கவில்லை. அந்த வாரத்தில் இப்படி வந்த முதல் பெட்டி அல்ல இது. "ரெண்டு வழி இருக்குண்ணா. முழுசாத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்தலாம். எடை நிரலும் புதுசா வேற கம்பெனியில வாங்கிக்கணும். பெட்டி நல்லா ஓடும். இன்னொண்ணு, இதை எப்படியாவது எழுப்பி நிக்க வச்சு, உள்ள இருக்கறது இருக்கறபடியே இருக்க, மேல புதுசை ஏத்தறது. எழுந்தாலும் எழும், இல்லாமலும் போகும்."

"மொதல் வழியே செஞ்சிருங்க."

"உள்ள எதையாச்சும் எடுத்து வைக்கணுமாண்ணா?"

"ஒன்னும் வேண்டாமுங்க."

"அந்தக் குரல்?" மேடைக்கு வயர் மாற்ற ஒருமுறை வந்திருந்ததால் அவருக்கும் அது தெரியும். "அது நிரலுக்குள்ளயே பூட்டியிருக்குண்ணா. திருச்செங்கோட்டுக்காரர் வெளிநாடு போயிட்டார், சிடி எதுவும் தரலை. இந்தப் பெட்டியில பதிஞ்சு இருக்கறவரைக்குந்தான் அது வாயைத் திறக்கும். துடைச்சா அதோட சரி."

காளியப்பன் ஜன்னலைப் பார்த்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். "எடை தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார்.

"சரிண்ணா. ஞாயிறு கழிச்சுப் பண்ணிடறேன்." அக்சிலியா வேறு பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். எடையைத் திரையில் காட்டும், அவ்வளவுதான், அதற்குப் பேசத் தெரியாது.

*

மாரக்காள் இரண்டு நாள் கழித்துப் படியேறி வந்தாள். சந்தைக்கு வந்தவள்போல் கையில் பை. பையில் வெறும் கொத்தமல்லிக் கட்டு.

"கண்ணு, அந்தப் பொட்டிய அழிச்சுப்போட்டியா?"

"இன்னும் இல்லைக்கா."

"அழிச்சறாதே."

"அண்ணன்தானேக்கா துடைக்கச் சொன்னாரு."

"அவரு வாய்தான் சொல்லியிருக்கும்." மாரக்காள் கணினியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்பதுபோல. "போன்ல பேசறவ சேந்தமங்கலத்துக்காரி. நல்லா இருக்கியாம்மாங்கறா, மாத்திரை தின்னியாங்கறா, வெச்சர்றா. நல்ல புள்ளதான். ஆனா அவ வேற. இதுக்குள்ள இருக்கறவ எம்பட ஊட்டுல பாவாடை சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சவ."

அக்சிலியா கணினியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "பிரதி ஒன்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா. ஆனா எழுந்திரிக்காததோட பிரதியும் எழுந்திரிக்காது. எழுப்பிப் பாக்கணும்னா அண்ணன் வந்து சொல்லட்டும். பெட்டி அவரோடது."

"அவரெங்க சொல்றாரு. கல்லுக்குக் கை கால் மொளச்ச மாதிரி" என்று கொத்தமல்லியில் பாதியை மேசைமேல் வைத்துவிட்டு மாரக்காள் இறங்கிப் போனாள்.

மேடையில் அந்த வாரம் எடை சரியாகத்தான் காட்டியது. காளியப்பன் ஜன்னல் வழியே எண்ணைச் சொல்வார், டிரைவர் தலையாட்டுவார். வெளிமாநிலத்து டிரைவர்கள் இறங்கும் நேரம் தெரியாமல் மேடையிலேயே நின்றார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் கடைசி "சாமி"க்குத்தான் அவர்கள் இத்தனை நாளும் கியர் போட்டிருக்கிறார்கள் போலும்.

ஞாயிறன்று மதியம் வானம் மூடிக் கிடந்தது. மழை வரும் வெளிச்சம். மலையின் நிறம் பக்கத்தில் வந்ததுபோல் கறுத்திருந்தது. காளியப்பன் கட்டிலில் கண் மூடியிருந்தார். பின்வாசல் கதவுச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள் இரும்புப் பலகையில் ஏறும் ஒலி, நின்ற ஒலி.

பிறகு ஒன்றும் இல்லை.

அவர் கண் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே மேடை நடுவில் மாரக்காள் நின்றிருந்தாள். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, எதிரே ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். அது பேசாது என்று அவளுக்குத் தெரியும். எடைக்கருவியில் சிவப்பு எண்கள் ஐம்பதில் நின்றன. அறைக்குள்ளிருந்து காளியப்பன் அந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அந்த வாரம் முழுக்கச் சொன்னவர்தானே. வாய் திறந்ததாகவும் சத்தம் வரவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். திறக்கவே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். முதல் தூறல் பலகையில் விழுந்து புள்ளி புள்ளியாகக் காய்ந்தது. அவள் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றாள். எப்போது இறங்க வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

*

திங்கட்கிழமை அக்சிலியா கடை திறக்கும்போது காளியப்பன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"துடைச்சுட்டீங்களா அம்மிணி?"

"இனிமேத்தான்."

"அந்த ரெண்டாவது வழியைப் பாருங்க."

அக்சிலியா கடையைத் திறந்து உள்ளே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. நேரம் ஆகும்."

காலை முழுக்க அவர் ஏதேதோ செய்தார். பாதியில் நின்ற புதுப்பிப்பை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுத்தார். நீலம் போய்க் கறுப்பு வந்தது, கறுப்பு போய் மறுபடி நீலம். உச்சி வேளையில் திரை ஒருமுறை விழித்தது. பழைய படம் வந்தது: மஞ்சள் பூத்த சூரியகாந்தி வயல், என்றோ அபிநயா வைத்தது. ஆனால் ஒலி இல்லை. எடை நிரலைத் தொட்டால் திறப்பதற்குமுன் மூடிக்கொண்டது.

"எழுந்திருச்சிடுச்சு, ஆனா நினைவில்லை" என்றார் அக்சிலியா. "இப்பப் புதுசை மேல ஏத்தணும். இங்க பாருங்கண்ணா."

திரையில் ஒரு கேள்வி வந்திருந்தது. எதை வைத்துக்கொள்ள வேண்டும்? அதன் கீழே மூன்று வட்டங்கள். எல்லாவற்றையும். கோப்புகளை மட்டும். எதுவும் வேண்டாம். அக்சிலியா ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"மொத வட்டத்தை வச்சா நிரல், குரல் எல்லாமே வரணும். ஆனா உள்ள இருக்கற பழுதும் கூடவே வரும். நடுவுல நின்னுடுச்சுன்னா நான் மறுபடி எழுப்புவேன்னு சொல்ல முடியாது. கடைசி வட்டம்னா ஒரு மணி நேரத்துல சுத்தம். நீங்களே அமுக்குங்க."

"நீங்க அமுக்குனா ஆகாதுங்களா?"

"ஆகாதுண்ணா. இது என் பெட்டி இல்லை."

மவுஸைப் பிடிக்கும்போது காளியப்பனின் கை லாரி கியரைப் பிடித்த கையாகவே இருந்தது, முழு முஷ்டி. அம்புக்குறி திரையில் அலைந்தது. கடைசி வட்டத்தின்மேல் ஒருமுறை நின்றது. அங்கிருந்து நடு வட்டத்துக்கு ஏறி, அதையும் தாண்டி, முதல் வட்டத்துக்கு வந்தது. அமுக்கினார். அக்சிலியா எழுந்தார். கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு மெயின் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்கு எந்த சாமியும் இதைத் தொட முடியாது" என்றார்.

காளியப்பன் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்ததுபோல் இருந்தது.

வட்டம் சுற்றியது. விழுக்காடு ஏறியது, ஓரிடத்தில் வெகுநேரம் நின்றது, பிறகு மறுபடி ஏறியது. நெடுந்தூர லாரியில் இரவெல்லாம் ஒரே சிவப்பு விளக்கைப் பின்தொடர்ந்து போகும் டிரைவரைப்போல் அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை மூடினால் அது நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மழை வந்து போனது. அக்சிலியா கொண்டுவந்த டீ மேசையிலேயே ஆடை கட்டியது. கணினி இருமுறை தானே அணைந்து தானே எழுந்தது. ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

மாலை வெளிச்சத்தில் சூரியகாந்தி வயல் வந்தது. அக்சிலியா எடை நிரலைத் தொட்டார். இம்முறை அது திறந்தபடியே நின்றது.

"மேடை இங்க இல்லை. எண்ணைக் கையால போட்டுத்தான் பாக்கணும். என்ன எடை போடட்டும்ணா?"

எந்த லாரியின் எடையையும் அவர் சொல்லியிருக்கலாம். ஆயிரம் எடைகள் அவர் நாக்கில் இருந்தன.

"அஞ்சு, சைபர்" என்றார்.

அக்சிலியா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு எண்ணைப் போட்டார். மேசைமேல் இருந்த சின்ன ஒலிப்பெட்டி முதலில் இரைந்தது. பின் மின்விசிறி நிறுத்தப்பட்ட, கதவு சாத்தப்பட்ட ஒரு பழைய அறையிலிருந்து வருவதுபோல், வியர்வையோடு, "அஞ்சு... சைபர். கிலோ. எறங்கலாமுங்க. போயிட்டு வாங்க சாமி."

காளியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுந்து, கணினிப் பெட்டியின் முகப்பில் காய்ந்திருந்த குங்குமத்தையும் அதே துண்டால் துடைத்தார். "தனியா எடுத்து வெக்கறதுன்னா வெச்சிருங்க அம்மிணி. இன்னொரு பூசை வரும்" என்றார். அக்சிலியா ஒலியைத் தனிக் கோப்பாகப் பதிந்து, ஒரு பென்டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்தார். அதைக் காளியப்பன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் தனசேகர் மரவள்ளி லோடோடு வந்தபோது கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. மேடையைப் பார்த்து இருந்த ஒலிபெருக்கி இப்போது வீட்டுப் பக்கம், சமையலறை ஜன்னலுக்கு நேராகத் திரும்பியிருந்தது. வண்டி ஏறியது. குரல் பேசியது. ஆனால் அது அவனுக்கு மங்கலாக, வேறு யாரிடமோ பேசுவதுபோலக் கேட்டது.

"ஏனுங்ணா, பாப்பா நம்ம மேல கோவிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பீட்டாளா? எங்களுக்கு எப்பிடிங் கேக்கும்?"

காளியப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கரகரத்த குரலில், தானே எடையைச் சொன்னார். சற்று நிறுத்தி, "எறங்கலாம், போயிட்டு வா சாமி" என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஒவ்வொரு லாரிக்கும் எடை இரண்டு முறை சொல்லப்படுகிறது, ரோட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ஒலிபெருக்கியை ஏன் திருப்பினார் என்று தனசேகர் கேட்டிருக்கிறான், அக்சிலியாவும் கேட்டிருக்கிறார். மாரக்காள் மட்டும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு அவர் தலையை ஒருமுறை ஆட்டி, ரோட்டைப் பார்த்தார். அங்கே ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது.